அத்தியாயம் 5: தளர்வு முதலில், மூச்சு கடைசியில்

தாய்ச்சியை ஓர் ஆசிரியரிடம் முதன்முதலாகக் கற்கப் போகிறவர்களுக்கான அத்தியாயம் இது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து வாசகர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். நூல் மில்லில் ஷிப்டு முழுக்க நின்று கால் கடுத்தவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பவர், கடைக் கல்லாவில் உட்கார்ந்தே இடுப்புப் பிடித்துக்கொண்டவர், படி இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொள்ளும் அறுபது வயதுக்காரர் என யாரும் இதைத் தொடங்கலாம். ஓடத் தேவையில்லை, தரையில் உட்கார்ந்து எழத் தேவையில்லை, கருவி எதுவும் வேண்டாம்.

ஆனால் கற்கும் வரிசையில் கவனம் வேண்டும். முதலில் தளர்வு. அடுத்து, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது. மூன்றாவதாக அசைவுகள். கடைசியில்தான் மூச்சு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகக் கற்கிறார்கள். வீடியோவைப் பார்த்துக் கையசைவை மனப்பாடம் செய்கிறார்கள், முதல் நாளே மூச்சைக் கணக்குப் போட்டு இழுக்கிறார்கள். மூன்றே வாரத்தில் தோள் இறுகிவிடும், முழங்கால் வலிக்கும், பயிற்சி நின்றுபோகும். நல்ல ஆசிரியர் இந்த வரிசையைக் காப்பாற்றித் தருவார். அவரிடம் போவதற்கான முதற்காரணம் இதுதான்.

கலையின் பின்னணி

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென் குலத்தவர் வாழ்ந்த சிற்றூரில் போர்க்கலையாக வளர்ந்தது தாய்ச்சி. அங்கே சென் சாங்சிங்கிடம் பல ஆண்டுகள் கற்ற யாங் லூச்சான் (1799–1872) அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு (1883–1936), வேகமும் துள்ளலும் இல்லாத, ஒரே சீரான மெதுவான வடிவத்தைப் பரவலாக்கினார். பூங்காக்களில் முதியவர்கள் செய்வதாக நாம் படங்களில் பார்ப்பது பெரும்பாலும் இந்த வழிதான். பழைய நீண்ட வரிசையை முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதைச் சுருக்கி 1956-ல் சீன விளையாட்டுத் துறை 24 அசைவுகள் கொண்ட வரிசையை உருவாக்கியது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். 2020-ல் யுனெஸ்கோ தாய்ச்சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த 24 அசைவு வரிசை ஏற்றது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் சுன் வழியைக் கேட்டுப் பார்க்கலாம். சுன் லூதாங் (1860–1933) வகுத்த அந்த வழியில் அதிகம் தாழ்ந்து நிற்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் பால் லாம் மூட்டுவலிக்காரர்களுக்கென 1997-ல் வகுத்த பயிற்சி இந்த வழியை அடிப்படையாகக் கொண்டது.

ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது

நம் பக்கத்தில் யோகா, சிலம்பம், கராத்தே சொல்லித்தருபவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. தாய்ச்சிக்கு வெளியூர் போக வேண்டியிருக்கலாம். மதுரையிலும் சென்னையிலும் விசாரியுங்கள். ஆரோவில்லில் ஷார்ங்கா என்ற பகுதியில் தாய்ச்சிக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் விழுப்புரத்தில் இறங்கி அங்கே போய்விடலாம். சில நாள் தொடர்ந்து கற்றுக்கொண்டு வந்து, வீட்டில் சில மாதம் பழகி, மீண்டும் போய்த் திருத்திக்கொள்வது வெளியூர் மாணவர்களுக்குப் பொருந்தும் முறை. போவதற்கு முன் வகுப்பு நாட்களை விசாரித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். இந்த ஐந்தையும் கவனியுங்கள்.

1. தான் யாரிடம், எத்தனை ஆண்டு, எந்த வழியைக் கற்றார் என்று கேட்டால் ஆசிரியர் தயங்காமல் சொல்கிறாரா?
2. புதியவரிடம் முழங்கால், இடுப்பு, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை பற்றி முதலிலேயே விசாரிக்கிறாரா?
3. முன்னால் நின்று செய்துகாட்டுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொருவர் பக்கத்திலும் போய்த் திருத்துகிறாரா?
4. தொட்டுத் திருத்துவதற்கு முன் அனுமதி கேட்கிறாரா?
5. பழைய மாணவர்கள் தாழ்ந்து நிற்பதில் போட்டி போடாமல், அவரவர் உடம்புக்கேற்ற உயரத்தில் நிற்கிறார்களா?

இரண்டே நாளில் 24 அசைவையும் முடித்துத் தருவதாகச் சொல்பவரிடம் சேராதீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து உடனே விலகுங்கள். நேர்மையான ஆசிரியர் மருத்துவரின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இடமும் நேரமும்

மூன்று எட்டு முன்னும் பின்னும் வைக்கச் சமதரை போதும். ஒவ்வொரு பருவத்துக்கும் ஏற்ப இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுவதற்கு முன்பே மொட்டை மாடியில் முடித்துவிட வேண்டும். ஆடியில் மலைப்பக்கமிருந்து அடிக்கும் மேல்காற்று மாடியில் நிற்கவிடாது. எதிர்க்காற்றில் கழுத்தும் தோளும் தாமாகவே இறுகும், எனவே அந்த மாதங்களில் சுவர் மறைப்புள்ள முற்றமோ கூடமோ நல்லது. மழைக்காலத்தில் பாசி பிடித்த தளத்தில் கால் வைக்கவே வேண்டாம்.

மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருந்தால் வெறுங்காலே போதும். பாதம் தரையை உணர வேண்டும். ரப்பர் அடிப்பாகம் கெட்டியாகப் பிடிக்கும் ஓட்டக் காலணியைத் தவிர்த்துவிடுங்கள். பாதம் திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பும்போது அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். தரை சில்லென்றிருந்தால் மெல்லிய தட்டையான கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளலாம். ஆடை இடுப்பிலும் தொடையிலும் இறுக்காமல் இருக்கட்டும்.

ராஜபாளையத்தில் ஜவகர் மைதானம், ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதிகள் எனப் பொது இடத்தில் பயில விரும்புபவர்கள் முதல் இரண்டு மாதம் பொறுப்பது நல்லது. நாலு பேர் பார்க்கும்போது கற்றுக்குட்டியின் உடம்பு தளராது. பார்வைக்கு அழகாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்ததுமே நெஞ்சு நிமிரும், தோள் ஏறும்.

முதல் பாடம்: நின்றபடி தளர்வது

நம் ஊர்க்காரர்கள் பலர் மனவளக்கலை பயின்றிருப்பார்கள். வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த எளியமுறை உடற்பயிற்சியின் கடைசிப் பகுதி உடல் தளர்த்துதல். படுத்துக்கொண்டு, கால் விரலில் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் உறுப்பாக நினைத்துத் தளர்த்துவோம். அந்தப் பழக்கம் இங்கே பெரிய துணை. தாய்ச்சி அதே தளர்வை நின்றபடி கேட்கிறது, பிறகு நகர்ந்தபடி கேட்கிறது. விழாமல் நிற்க எவ்வளவு இறுக்கம் தேவையோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடப் பழகுகிறோம்.

கால்களைத் தோளகலத்தில் வையுங்கள். இரு பாதங்களும் நேராக முன்னோக்கட்டும். முழங்காலைப் பூட்டாமல் லேசாக விடுங்கள். உச்சந்தலையை யாரோ மேலே தாங்கியிருப்பதாக நினைத்தால் கழுத்து நீளும், தாடை சற்று உள்ளே வரும். இனி மேலிருந்து கீழே வாருங்கள். புருவம், கண், தாடை தளரட்டும். நாக்கின் நுனி மேலண்ணத்தை மெல்லத் தொட்டிருக்கட்டும். தோள் இறங்கட்டும். அக்குளில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்க இடம் வையுங்கள். நெஞ்சைப் புடைக்கவும் வேண்டாம், கூனவும் வேண்டாம். வயிற்றை உள்ளிழுத்துப் பிடிக்காதீர்கள். இடுப்பின் முன்மடிப்பு இளகினால் பின்னிடுப்பு தானே நேராகும். எடை இரு பாதங்களிலும் பரவட்டும், குதிகாலில் மட்டும் குவிய வேண்டாம்.

தளர்ந்துவிட்டோம் என்று நாமே நினைத்துக்கொள்வதும் உண்மையில் தளர்வதும் வெவ்வேறு. இந்த இடத்தில் ஆசிரியர் அவசியம். அவர் உங்கள் மணிக்கட்டின் அடியில் கை கொடுத்துக் கையை மெல்லத் தூக்குவார். தோளுயரம் வந்ததும் சொல்லாமல் தன் கையை எடுத்துவிடுவார். தளர்ந்த கை அப்படியே தொடைமேல் விழும். தளராத கை அந்தரத்தில் நிற்கும். நின்றால் அதுவரை நீங்களே கையைத் தூக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று பொருள். பெரும்பாலோருக்கு முதல் நாள் கை அந்தரத்தில்தான் நிற்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கே இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பது அந்தக் கணத்தில் முதன்முறையாகத் தெரியவருகிறது. எந்த வீடியோவும் இதைக் காட்டித் தராது.

இரண்டாம் பாடம்: எடையை மாற்றுவது

அதே நிலையில் நின்று மெதுவாக முழு எடையையும் வலக்காலுக்குக் கொண்டுபோங்கள். பிறகு இடக்காலைக் காகித உயரம் தூக்குங்கள். தூக்கும் நேரத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ மூச்சு நின்றாலோ எடை முழுதாகப் போய்ச் சேரவில்லை. கண்ணாடியின் முன்னாலோ சுவரில் வரைந்த நேர்க்கோட்டின் முன்னாலோ நின்று சரிபாருங்கள். எடை முழுதும் போய்ச் சேர்ந்துவிட்டால் மறுகால் தானே லேசாகிவிடும், உந்தி எழுப்ப வேண்டியிருக்காது.

அடுத்தது அடியெடுத்து வைப்பது. வெறுமையான காலை முன்னால் நீட்டி, குதிகாலை மட்டும் தரையில் வையுங்கள். இன்னும் எடை போகவில்லை. அந்த நிலையில் காலைத் திரும்ப எடுக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் சரி. பிறகு பாதம் படியட்டும், அதன் பிறகு எடை போகட்டும். இரு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்தால் தள்ளாடும். பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பெரியவர்கள் விழாமல் நடக்க உதவுவது இந்தப் பழக்கம்தான். அவசரமாகக் காலை வீசிப் போடாமல், கால் படிந்த பிறகே எடையைக் கொடுக்கும் உடம்பு வழுக்கும் தரையிலும் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாம் பாடம்: அசைவுகள்

முதல் மூன்று மாதத்துக்கு 24-இல் முதல் ஐந்து போதும்: தொடக்க நிலை, குதிரைப் பிடரியை வகிர்தல், வெண்கொக்கு சிறகு விரித்தல், முழங்காலை வருடி முன்னேறுதல், வீணை மீட்டும் நிலை. இந்த ஐந்திலும் எடை மாற்றம், இடுப்புத் திருப்பம், கை ஒருங்கிணைப்பு எல்லாமே வந்துவிடுகின்றன.

தொடக்க நிலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கால்களைச் சேர்த்து நிற்கிறோம். எடையை வலக்காலுக்கு மாற்றி, இடக்காலைத் தோளகலத்துக்கு நகர்த்தி, முன்பாதம் முதலில் படியும்படி வைத்து, எடையை நடுவுக்குக் கொண்டுவருகிறோம். பிறகு மணிக்கட்டு முன்னின்று அழைத்துப்போக, இரு கைகளும் தோளுயரம்வரை முன்னால் எழுகின்றன. விரல்கள் தொங்கியே வருகின்றன. தோள் மட்டும் எழவே கூடாது. இப்போது முழங்கை கீழே இறங்கத் தொடங்குகிறது, அதோடு சேர்ந்து முழங்கால் மடங்குகிறது, உள்ளங்கைகள் வயிற்றின் உயரத்துக்கு வந்து நிற்கின்றன. கை இறங்கி முடிவதும் முழங்கால் மடங்கி முடிவதும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். ஒன்று முந்தினால் மீண்டும் தொடங்குங்கள். இந்த ஓர் அசைவையே வகுப்பு முழுக்கச் செய்யவைக்கும் ஆசிரியர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

குதிரைப் பிடரியை வகிரும்போது கை வீசிப் பிரிவதாகத் தெரியும். உண்மையில் பின்னங்கால் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, கை கடைசியாக வருகிறது. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரின் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கையை மடக்கி இழுப்பவர் அடுத்த வீதிக்குள் ஓய்ந்துபோவார். காலை ஊன்றி உடம்பைக் கொடுப்பவர் தேர் நிலைக்கு வரும்வரை நிற்பார். தாய்ச்சியின் ஒவ்வோர் அசைவிலும் பலம் பாதத்தில் தொடங்கி, இடுப்பு வழியாகத் திரும்பி, விரலில் முடிய வேண்டும்.

முழங்காலுக்கு மூன்று விதிகள். மடங்கிய முழங்கால் பாத நுனியைத் தாண்டக் கூடாது. அது இரண்டாவது விரலின் திசையிலேயே நோக்க வேண்டும், உள்பக்கம் சரியக் கூடாது. எடை முழுதும் தாங்கியிருக்கும் பாதத்தை ஒருபோதும் திருப்பக் கூடாது. முதலில் எடையைப் பின்னங்காலுக்கு எடுங்கள், பாதத்தைத் திருப்புங்கள், பிறகு எடையைத் திரும்பக் கொடுங்கள்.

நான்காம் பாடம்: மூச்சு

பிராணாயாமம் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூரகம், கும்பகம், ரேசகம் என்று மூச்சை எண்ணிக்கையில் நடத்துவது அந்தப் பயிற்சியின் முறை. தாய்ச்சி கற்கத் தொடங்கும்போது மூச்சை எண்ணுவதும் இல்லை, அடக்குவதும் இல்லை. மூக்கு வழியாக இயல்பாக வந்துபோகட்டும். கால் எங்கே, கை எங்கே என்று யோசிக்கும் நிலையில் மூச்சையும் நடத்தப் போனால் மூன்றுமே கெடும். புதியவர்கள் கஷ்டமான இடத்தில் தம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் சில ஆசிரியர்கள் பயிற்சியின் நடுவே பேச்சுக் கொடுப்பார்கள். பதில் சொல்ல முடிந்தால் மூச்சு சரியாக ஓடுகிறது.

அசைவுகள் யோசிக்காமல் வரத் தொடங்கியதும் மூச்சு தானாகவே ஒரு ஒழுங்கில் விழும். கை எழும்போதும் விரியும்போதும் உள்ளே போகும். இறங்கும்போதும் தள்ளும்போதும் வெளியே வரும். வயிறு மெல்ல விரிந்து சுருங்கும், நெஞ்சு அமைதியாக இருக்கும். இந்தக் கட்டத்தில் ஆசிரியர் வெளிமூச்சைச் சற்று நீட்டச் சொல்லலாம். உள்மூச்சில் இதயத் துடிப்பு சற்றே விரையும், வெளிமூச்சில் சற்றே தணியும். நிதானமான வெளிமூச்சுக்குப் பின் உடம்பு ஆறுவதாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் 12 வாரம்

வாரம் 1 முதல் 3 வரை: தினமும் 5 நிமிடம் நிற்பது, 10 நிமிடம் எடை மாற்றுவது. வாரம் 4 முதல் 6 வரை: அவற்றோடு தொடக்க நிலையும் முன்னோக்கி அடிவைத்தலும். வாரம் 7 முதல் 10 வரை: வாரத்துக்கு ஓர் அசைவாகச் சேர்த்துக்கொள்வது. 11, 12: ஐந்தையும் நிறுத்தாமல் கோர்ப்பது, மூச்சைக் கவனிக்க மட்டும் தொடங்குவது. நைட் ஷிப்டு முடித்து வருபவர்கள் தூங்கி எழுந்த பிறகு செய்யுங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம்.

தொடையில் உழைப்பின் வலி வந்தால் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் குத்தும் வலி வந்தால் உடனே நிமிர்ந்து உயரமாக நில்லுங்கள், அப்போதும் குறையாவிட்டால் அன்று நிறுத்திவிடுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் உட்கார்ந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதய நோய், சமீபத்திய அறுவை சிகிச்சை, எலும்புத் தேய்மானம், கர்ப்பம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு

இந்தப் பயிற்சியால் அதிகப் பலன் பெறுபவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்தான். 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 70 வயதுக்கு மேற்பட்ட, விழும் அபாயமுள்ள 670 பேர் பங்கேற்றார்கள். 24 வாரம் வாரத்துக்கு இரு முறை தாய்ச்சி செய்தவர்கள், வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். 2012-ல் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடந்த ஆய்விலும் தாய்ச்சிக் குழுவினருக்கே உடல் சமநிலை அதிகம் மேம்பட்டது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்த 2016 ஆய்வில், 12 வாரத் தாய்ச்சி பிசியோதெரபிக்கு இணையான வலிநிவாரணம் தந்தது. இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் வாரந்தோறும் பழகியவர்கள் என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே நீங்கள் ஐந்து அசைவைக் கற்று முடித்ததும் அம்மாவையோ தாத்தாவையோ மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் நீங்களே சொல்லித்தரத் தொடங்காதீர்கள். உங்கள் கண்ணுக்கு அவர்களுடைய முழங்கால் உள்ளே சரிவது இன்னும் தெரியாது. அடுத்த முறை ஆசிரியரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எடை மாற்றப் பழகுவதிலிருந்து அவர் தொடங்கிவைக்கட்டும். ஊருக்குத் திரும்பியதும் தினமும் அவர்களோடு சேர்ந்து செய்வது உங்கள் பொறுப்பு.